மார்ச் ஒன்பதாம் தேதிப் பூங்கொத்து

போர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர், மார்ச் ஒன்பது வந்தால் பூங்கொத்தோடு எங்கோ போய்விடுவார். இருபது வருடம் வயிறெரிந்தவள் இம்முறை பின்னாலேயே போனாள். அவர் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு வெளியேறியதும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவளுக்கும் இவள் வயதுதான். மேசைமேல் ரோஜாக்கள்.

“கட்டினவளுக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்ல அந்த மனுஷன். எத்தனை வருஷமாடி இந்தக் கூத்து?”

“உங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. வேணாம்னா கேக்க மாட்டேங்கறாருங்க.”

“அப்படி என்னத்தக் குடுத்து மயக்கின?”

அவள் காய்த்துப்போன விரல்களைப் பிசைந்தாள். “விமானப்படையில நான் பாராசூட் மடிக்கிற வேலை பார்த்தேங்க. இதே தேதியிலதான் அவரு விமானம் தீப்பிடிச்சுது. குதிச்சாரு. நான் மடிச்சது விரிஞ்சுது. உயிர் பிழைச்சவங்க, மடிச்சவங்களைத் தேடி வந்து ஏதாவது குடுக்கிறது எங்க வழக்கம். உங்ககிட்ட சொல்லலியா?”

தினமும் தான் தைலம் தேய்த்துவிடும் அவர் முதுகு மனைவிக்கு நினைவுக்கு வந்தது. மாடிப்படியில் விழுந்ததாகத்தான் சொல்லியிருந்தார்.

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சரி, அதுல ஒரு பூவ எனக்கும் குடு.”