அம்மாவுக்கு எதுக்கு ஜப்பான்?

“ஜப்பானா? தெரு முனைக் கடைக்குப் போனாலே செருப்பை மாத்திப் போட்டுட்டு வர்ற ஆளும்மா நீ!”

மகன் சிரித்தான். சோபாவில் சாய்ந்திருந்த மகளும் சிரித்தாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜப்பானைப் பற்றி நிறைய வீடியோ பார்த்தவர், பொறுப்பு இருக்கிறது.

அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு ஒரு மாதம் மகன் வீடு, ஒரு மாதம் மகள் வீடு. அம்மாவைச் சண்டை சச்சரவில்லாமல் பங்கு போட்டுக்கொண்டதில் பிள்ளைகள் இருவருக்குமே பெருமை. “தாங்கு தாங்குன்னு தாங்கறோம்” என்று அவர்கள் சொல்லிக்கொள்ளாத உறவுக்காரர் பாக்கியில்லை.

“ஒரே வாரம்டா. தனியா போயிட்டு வந்துடறேன்” என்றார் அம்மா, டீயை ஆற்றியபடி.

“வழி தப்பிட்டா யாரைக் கேப்பே? அங்க ஒருத்தனுக்கும் நம்ம பாஷை தெரியாது.”

“இங்க எல்லாருக்கும்தான் தெரியும். என்கிட்ட யாரு பேசறா?”

மகள் பேச்சை மாற்றினாள். “முட்டி வலின்னு மாடிக்கே வர மாட்டேங்கறே. ஸ்டேஷன் படியெல்லாம் எப்படிம்மா ஏறுவே?”

“லிஃப்ட் இல்லாமலா இருக்கும்? மெதுவா தேடிக்கறேன்.”

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “அத்தை, அங்க பாத்ரூம்லகூட ஏகப்பட்ட பட்டன். தப்பா ஒண்ணை அமுக்கினீங்கன்னா மூஞ்சியில தண்ணி அடிச்சிடும்.”

“அடிச்சா துடைச்சுக்கறேன் மாப்பிள்ளை. துண்டு எடுத்துட்டுத்தான் போவேன்.”

“இல்ல அத்தை, பூகம்பம் வேற. திடீர்னு தரை ஆடும்.”

“மாசா மாசம் இங்கேருந்து பிடுங்கி அங்க நடறீங்க, அங்கேருந்து பிடுங்கி இங்க நடறீங்க. தரை ஆடறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?”

மாப்பிள்ளை செல்போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

மகனுக்குக் குரல் ஏறியது. “மாத்திரையை யாரும்மா வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பா?”

“ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுத்தவடா நான். சரி, இங்க யாரு எடுத்துக் கொடுக்கறா?”

பதில் இல்லாதபோது பிள்ளைகள் செய்வதையே மகனும் செய்தான். பாசத்தைக் கையில் எடுத்தான்.

“அதெல்லாம் விடு. ஒரு நாள் நீ எங்க இருக்கேன்னு தெரியலைன்னாகூட எனக்குச் சோறு இறங்காதும்மா.”

“எனக்குத் தூக்கமே வராது” என்று மகள் கண்ணைத் துடைத்தாள். “அதோட நாலு பேர் என்ன கேப்பாங்க? வயசான அம்மாவைத் தனியா அனுப்பிட்டு இதுங்க என்ன பண்ணுதுங்கன்னு காறித் துப்ப மாட்டாங்களா?”

“ஓ, அந்த நாலு பேரா? அவங்களையும் வேணா கூட்டிட்டுப் போறேன்.”

“விளையாடாதேம்மா! நீ எங்கயும் போகலை. பேச்சு முடிஞ்சுது” என்றான் மகன்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை, நிதானமாகத்தான் கேட்டார்.

“போன அக்டோபர்ல முறை முடிஞ்சு உன் வீட்டுலேர்ந்து கிளம்பினேனே, எங்கடா போனேன்?”

“இதென்ன கேள்வி? அக்கா வீட்டுக்கு.”

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அம்மா எங்க வந்தா? தம்பி இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்றான்னு சொல்லிட்டு, அடுத்த வாரம்தானேடா வந்தா?”

“நான் எப்ப இருக்கச் சொன்னேன்?”

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

“அந்த ஒரு வாரமும் போனைக் கையிலயேதான் வச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவைகூடக் கூப்பிடலை” என்றார் அம்மா. “ஜப்பான்லேர்ந்து திரும்பி வந்து இறங்கினா, மத்த எல்லாரையும் கூட்டிட்டுப் போக ஏர்போர்ட் வாசல்ல யாராவது நிக்கறாங்க. அதான், இந்தத் தடவையாவது சொல்லிட்டுப் போலாமேன்னு பார்த்தேன்.”