இடது மட்கார்டு

டாரல் ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் கார்க் கதவின் அடியிலிருந்து துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"யோவ், வாங்க வந்தியா, ஒடைக்க வந்தியா?" காரை விற்கும் வேட் அவன் சட்டையைப் பிடித்து ஷெட் தகரத்தோடு மோதினான்.

டாரல் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "வாங்கத்தான் மச்சி."

டப்போ ஊர் வட்டாரத்தில், ஆறு வருடங்களில், இதே மாடலில் அவன் பார்க்கும் பதினேழாவது கார் இது. எதையும் அவன் வாங்கியதில்லை.

காந்தத்தை எடுத்துக் காரைச் சுற்றி ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தான். முன்பக்க இடது மட்கார்டில் மட்டும் அது ஒட்டாமல் விழுந்தது.

"இங்க பட்டி போட்டிருக்க."

"துருப்பா. அறுத்துட்டுப் பூசினேன். அதான் எல்லாத் துருவையும் விளம்பரத்துலயே சொல்லிட்டேனே!"

டாரல் பட்டியைக் கொத்திப் பெயர்த்தான். உள்ளே தகரத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. ஆழமாகக் குழிந்திருந்தது, மடிப்பில் காரின் நிறமல்லாத பழைய பச்சைப் பெயிண்ட்.

"துரு ஓட்டை போடும், வேட். நசுக்காது."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே அதே பச்சையில் ஒரு சில்லு.

"என்னய்யா அது?"

"நசுங்கிக் கிடந்த என் பொண்ணு சைக்கிள்ல இருந்து சுரண்டினது" என்றபடி டாரல் தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து ஓங்கினான்.