சாய்தளம் இருந்த இடம்

தன் வீட்டு வாசலில் இருந்த சாய்தளத்தை இடித்துவிட்டுப் பேவர் கல்லில் படிகள் போடச் சொன்னார் ராஜசேகரன். சக்கர நாற்காலியில் இருந்த யாரோ இறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள் மங்கையர்க்கரசி. வீடுகளுக்குத் தோட்டமும் நடைபாதையும் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். கடைசிப் படியில் அவள் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் வந்த பெரியவர் விளிம்பில் நின்று கீழே பார்த்தார்.

“இதுல நான் எப்படிம்மா எறங்குவேன்?”

பின்னாலேயே வந்த ராஜசேகரன் நாற்காலியை உள்ளே இழுத்தார். “அப்பா கேட்டுக்குப் போய் உக்காந்துகிட்டு, போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் வீட்டு விஷயத்தச் சொல்றாரு. இனி எங்க போவாரு? நீங்க வேலையப் பாருங்க.”

அந்த மனிதரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கா இத்தனை நேர்த்தியாகக் கல் பதித்தோம் என்று மங்கையர்க்கரசி தன்னையே கேட்டுக்கொண்டாள். கடப்பாரையை எடுத்து மேல்படியின் நடுக்கல்லை நெம்பினாள். கல் பெயர்ந்து புல்லில் விழுந்தது.

“என்ன பண்றீங்க? போலீஸக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. அவங்ககிட்டயும் ஐயா பேசட்டும்” என்றபடி அடுத்த கல்லுக்கடியில் கடப்பாரையை இறக்கினாள்.