ஆற்றோடு போனவன்

"முழு டிக்கெட் வாங்கிட்டு முக்கால் படம்தான் பார்க்கறீங்களேம்மா!"

"ரத்தம்னா எனக்கு ஆகாதுங்க."

போன வருஷம் இதே தியேட்டரில், பக்கத்து இருக்கை அம்மாள் சொன்ன பதில் அது. ரவுடிக் கும்பலை ஒற்றை ஆளாக ஒழித்த அந்த ஊர் இன்ஸ்பெக்டரின் கதைதான் படம். வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுவார்கள். ஓய்வுபெற்றுவிட்ட அந்த இன்ஸ்பெக்டரும், தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து உட்காருவார். அம்மாளிடம் அப்படிக் கேட்டவர் அவர்தான்.

இன்றும் கடைசிச் சண்டை தொடங்கியதும் அம்மாள் எழுந்தாள்.

"இன்னிக்காவது இருங்கம்மா. ரத்தமே காட்ட மாட்டாங்க. சுட்டதும் கும்பல் தலைவன் தொபுக்கடீர்னு விழுந்து ஆத்தோட போயிடுவான்."

"நிஜத்துலயும் ஆத்தோடதான் போனாருங்களா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். சமாதி இருந்தால் கும்பல் மறுபடி கூடும் என்று, தலைவனின் உடலை ரகசியமாகப் புதைத்துவிட்டு, ஆற்றோடு போனதாக அறிக்கை எழுதியவர் அவர்தான்.

"நீங்க... யாரும்மா?"

"அவர் சம்சாரம். ஆத்துல ஒரு மாசம் தேடினோம், செருப்புகூடக் கிடைக்கல. உங்களை முதல் வருஷமே அடையாளம் தெரிஞ்சுது. கேட்கத்தான் வாய் வரல."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"அவரை நல்லவர்னு சொல்ல வரலைங்க ஐயா. எங்கே புதைச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."