வாசுகியின் லீவுக் கடிதம்

குருண் நகரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் ஜெயமலர்தான் கடிதங்களைத் தட்டச்சு செய்வாள். போன மார்ச்சில் பேக்கிங் பகுதி வாசுகி நெஞ்சைத் தடவியபடி வந்தாள்.

"அக்கா, ஒரு லீவு லெட்டர் டைப் பண்ணிக் குடுங்க லா. ஹாஸ்பிட்டல் போகணும்."

"இப்ப வேல இருக்கு. நாளைக்கு வா."

வாசுகி வேலைக்குத் திரும்பினாள். அன்று மாலையே இறந்துபோனாள்.

அதன்பின் ஜெயமலர் எந்தக் கடிதத்தை அச்சிட்டாலும் கூடவே இன்னொரு தாளும் வந்தது. எழுத்துப் பிழைகளும் கோணல் வரிகளுமாக, வாசுகியின் லீவு விண்ணப்பம்.

ஒருநாள் அழுதுகொண்டே அதைத் திருத்தித் தட்டச்சு செய்து, தேதியும் ஓர இடைவெளியும் சரிபார்த்து, புதிதாக வந்த மேலாளர் புவனேசனின் மேசையில் வைத்தாள். மதியம் போய், அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன். அவங்களே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க லா," என்றார் அவர். "லேட்டாயிடுச்சுன்னு மட்டும் சொன்னாங்க."