பத்தாவது கேள்வி

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். திருமண ஆலோசகரான அந்த அம்மாள் மணமக்கள் இருவரின் தாள்களையும் அருகருகே வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். மணப்பெண் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பயப்படறே, இது என்ன பரீட்சையா? உன்னைப் பத்திப் பத்துக் கேள்வி. நீ எழுதினதும் அவர் எழுதினதும் ஒத்துப்போகுதான்னு பாக்குறேன், அவ்வளவுதான்."

மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டிருந்தான். அவன் கை அவள் நாற்காலியின் முதுகில் கிடந்தது. அவள் அதில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"பிடிச்ச நிறம் சரி. செருப்பு அளவுகூடச் சரி. மொத்தம் ஒன்பது சரி, ஒண்ணே ஒண்ணு தப்பு." ஆலோசகர் சிரித்தார். "எதைக் கண்டா உனக்கு ரொம்பப் பயம்? நீ பல்லின்னு எழுதியிருக்கே. மாப்பிள்ளைக்குக் குசும்பு ஜாஸ்தி. நீயே பாரு."

அவன் தாளை வாங்கினாள். பத்தாவது கேள்விக்கு எதிரே, அழகான கையெழுத்தில் ஒரே சொல்: 'என்னை.'

நிமிர்ந்தாள். அவன் நிதானமாகப் புன்னகைத்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அது பிடித்தும் இருக்கிறது.

ஆலோசகரின் சிவப்புப் பேனாவை எடுத்தாள். தப்புக் குறியை அடித்துவிட்டுச் சரி போட்டாள்.

"இப்பப் பத்துக்குப் பத்து, மேடம். கல்யாணம்தான் வேணாம்."