பேட்டனின் நாலு கைகள்

ரிலே ஓட்டத்தில் கைக்குக் கை மாறும் மஞ்சள் குச்சியான பேட்டனுக்குக் கர்வம் ஜாஸ்தி. நாட்டுக்காக ஓடும் நாலு பெண்களைத் தவிர வேறு யார் தொட்டாலும் முகம் சுளிக்கும். பயிற்சியில் கோச் அதை மாற்று ஓட்டக்காரிகளிடமும் விடாமல் கொடுப்பார். அது வேண்டுமென்றே நழுவி விழும்.

"நல்லா விழு. எங்க வைரமணி சளைக்காம எடுப்பா" என்றது மாற்று ஓட்டக்காரி வைரமணியின் ஷூ.

இறுதிப் போட்டி வந்தது. பேட்டன் கீழே விழுந்தால் எல்லாம் போச்சு. ஆனால் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டிய ஒவ்வொரு கையிலும் அது கச்சிதமாய்ப் போய் உட்கார்ந்தது. தங்கம்!

"பார்த்தியா என் நாலு கையை?" பேட்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஷூ சிரித்தது. "மூணாவதா உன்னைத் தூக்கிட்டு ஓடினது வைரமணி. உன் நாலு பேர்ல ஒருத்தி ஜோஸ்பினுக்குக் காலையிலேயே தொடை பிடிச்சுக்கிச்சு. உனக்கு வித்தியாசமே தெரியலையாக்கும்?"



அடுத்த வாரம் பயிற்சிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். தயங்கித் தயங்கிக் கையைப் பின்னால் நீட்டினாள். பேட்டன் நழுவவில்லை. அந்த உள்ளங்கையில் தானே அழுந்தி உட்கார்ந்துகொண்டு, ஷூவைப் பார்த்துக் கத்தியது:

"இதுவும் என் கைதான்!"